செயற்கைச் சுணக்கம்: தந்தி வடம் முதல் கணினி வலையமைப்பு வரை

தூரமானது மனிதர் தம்முட் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்கு இருவகையில் இடையூறு விளைவிக்கின்றது. செய்தி செல்லும் வழியிலே தேய்ந்தும் சிதைந்தும் போதல் ஒன்று. அது சென்று சேர்வதற்குக் காலங் கொள்ளுதல் மற்றொன்று. முன்னையது எளிதிற் கண்ணுக்குப் புலப்படும். பின்னையதோ பெரும்பாலும் மறக்கப்படும். ஒரு கருவியை ஆக்குவோன் அதனைத் தன் மேசைமீது வைத்தே ஆக்குகின்றான்; அதனைப் பயன்படுத்துவோனோ கடலுக்கு அப்பால் இருக்கின்றான். மேசைமீது நன்கு இயங்கிய கருவி தொலைவில் எவ்வாறு இயங்கும் என்பதைத் தொலைவுக்குச் செல்லாமலே அறிதல் கூடுமோ என்பது பழைய வினா. இரு கணினிகளுக்கிடையே வேண்டுமென்றே சுணக்கத்தைப் புகுத்தி மென்பொருள்களைச் சோதிக்கும் இக்கால முறை அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் இறுதியானது. முதலாவது விடை 1850களிலே, கடலடித் தந்தியின் தொடக்க நாட்களில் எழுந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாறு, தூரத்தை அறைக்குள் வரவழைக்க முயன்றோரின் வெற்றியையும் பிழையையும் ஒருங்கே காட்டுவதாகும்.

தரையிலே கம்பங்களின்மீது கட்டப்பட்ட தந்திக் கம்பியில் மின்சமிக்ஞை கணப்பொழுதிற் செல்வதாகவே முதலிற் கருதப்பட்டது. ஆனால், மரப்பாலாகிய கட்டாபேர்ச்சாவினால் உறையிடப்பட்டு நிலத்தடியிலும் நீரடியிலும் கிடந்த கம்பிகள் வேறுவகையாக நடந்துகொண்டன. உள்ளே செம்புக் கம்பியும், நடுவே காவற்பொருளும், வெளியே நீரும் அமைந்த வடம் மிக நீண்ட ஒடுக்கியொன்றாக மாறிவிடுகின்றது. கூர்மையாக அனுப்பப்பட்ட சமிக்ஞை அதனை நிரப்பி, மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். ஒரு குறி அடங்குமுன் அடுத்த குறி அனுப்பப்படின் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். மைக்கல் பரடே இவ்விளைவை ஆராய்ந்து 1854இல் விளக்கினார். அதே ஆண்டில், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன் அதனைக் கணித முறையால் ஆராய்ந்து, அடுத்த ஆண்டில் வெளியிட்டார். வடத்தின் நீளம் இருமடங்கானால் சுணக்கம் நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட முடிபு. அத்திலாந்திக்குச் சமுத்திரத்தைக் கடக்க எண்ணியோருக்கு இது நல்ல செய்தியன்று. சுணக்கம் குறையவேண்டுமாயின் செம்பும் காவற்பொருளும் தடிக்கவேண்டும். தடித்தாற் செலவு பெருகும்.

இம்முடிபை ஏற்க மறுத்தவர்களுள் முதன்மையானவர் வைல்ட்மன் வைற்ஹவுஸ் என்னும் வைத்தியர். அத்திலாந்திக்குத் தந்திக் கம்பெனியின் மின்னியலாளராக அமர்த்தப்பட்டவர் அவரே. அவர் கணிதத்திலும் பரிசோதனையையே நம்பினார். அந்நம்பிக்கையிற் குறையில்லை, பரிசோதனை எவ்வகைப்பட்டது என்பதே வினா. 1856ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அமெரிக்கத் தந்தியின் தந்தையெனப்படும் சாமுவேல் மோர்ஸ் உடனிருக்க, நிலத்தடியிற் கிடந்த 200 மைல் அளவினவான பல கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக முனை பொருத்தி, ஏறத்தாழ 2,000 மைல் நீளமான ஒரு சுற்றை அவர் ஆக்கினார். இரு முனைகளும் இலண்டனில் ஒரே அறையில் இருந்தன. கடலைக் கடக்காமலே கடலின் நீளத்தை ஓர் அறைக்குள் வரவழைத்த முயற்சிகளுள் இதுவே முதன்மையானது எனலாம். சமிக்ஞைகள் விரைவாகச் சென்று மீண்டன. மோர்ஸ் மனநிறைவு கொண்டார். கம்பெனியின் பங்குகளை வாங்குவோருக்கும் ஐயம் அகன்றது.

ஆயினும், அருகருகே கிடக்கும் கம்பிகளை வளைத்து வளைத்து இணைத்த சுற்று, ஆழ்கடலிலே தனித்து நேரே கிடக்கும் வடத்துக்கு ஒப்பாகாது. ஒரு கம்பியின் மின்னோட்டம் பக்கத்துக் கம்பியையும் தாக்கும். மேலும், துடிப்புக்கள் மறுமுனையை அடைகின்றனவா என்று எண்ணுவது ஒன்று. அவற்றைக்கொண்டு பிழையின்றி ஒரு செய்தியைப் படிப்பது மற்றொன்று. அப்பரிசோதனை நீளத்தை நாடகமாடிக் காட்டியதேயன்றிக் கடலைக் காட்டவில்லை.

வடம், கடல்மைல் ஒன்றுக்கு 107 இறாத்தல் செம்பு மாத்திரமே கொண்டதாக ஆக்கப்பட்டது. பல தோல்விகளின் பின் 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் தேதி அது அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் இணைத்தது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறத்தாழ 16 மணிநேரம் பிடித்தது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் என்க. மந்தமான வடத்தை விரைவுபடுத்தக் கருதி வைற்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தை அதிற் செலுத்தினார். ஆக்கத்திலும் கையாளுகையிலும் முன்னரே பழுதுற்றிருந்த வடம் அதனைத் தாங்கவில்லை. செப்தெம்பரில் அது முற்றாக ஓய்ந்தது. பெருந்தொகைப் பணம் கடலடியிற் கிடந்தது. 1859இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1861இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1866இல் 'கிறேற் ஈஸ்ரேண்' கப்பலாற் போடப்பட்டு நிலைத்த வடத்தில் கடல்மைலுக்கு 300 இறாத்தல் செம்பு இருந்தது. தொம்சனின் கணிதம் இறுதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

போலியான தூரம் உள்ளதிலும் நல்லதாகத் தோன்றி ஏமாற்றியதற்கு வைற்ஹவுஸ் சான்று. உள்ளதிலும் தீயதாகத் தோன்றி ஏமாற்றியதற்குத் தோமஸ் எடிசன் சான்று. 1873இல், இளைஞரான எடிசன் தம் தானியங்கித் தந்திமுறையைக் காட்டுதற்பொருட்டு இங்கிலாந்துக்குச் சென்றார். பிரேசிலுக்குச் செல்லவிருந்த 2,200 மைல் நீளமான வடமொன்று கிறீனிச்சில் நீர்த்தொட்டிகளிற் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதிலே தம் கருவியைச் சோதிக்க அவர் விரும்பினார். அங்குலத்தின் 32இல் ஒரு பங்கு நீளமாகப் பதியவேண்டிய புள்ளி, கடதாசி நாடாவில் 27 அடி நீளக் கோடாகப் பதிந்ததென அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இரண்டு வாரங்களுக்கு மேல் முயன்றும் நிமிடத்துக்கு இரண்டு சொற்களுக்குமேல் அனுப்ப இயலவில்லை. தமக்கிருந்த செருக்கெல்லாம் அன்றே அகன்றதென அவர் கூறினார். சுருட்டப்பட்ட வடம், மின்தூண்டல் காரணமாக, நேரே கிடக்கும் வடத்திலும் மிகக் கொடியது என்பதை எவரும் அவருக்கு அப்போது சொல்லவில்லை. தம் கருவி உண்மையிற் குறைபட்டதன்று என்பதை அவர் பின்னரே அறிந்தார்.

இவ்விரு பிழைகளையும் விலக்குதற்கு வழிசெய்தது 'செயற்கை வடம்' என்னும் கருவி. குரோம்வெல் வார்லி என்பவர், நெடிய வடத்தைச் சுருட்டி வைப்பதற்குப் பதிலாக, தடைகளையும் ஒடுக்கிகளையும் படிப்படியாக இணைத்து அதன் நடத்தையை ஒரு பெட்டிக்குள் அமைக்கலாம் எனக் கண்டார். தொம்சனின் கணிதம் கூறிய இயல்புகளே அதன் உறுப்புக்கள். 1870களில் அலெக்சாந்தர் மியூர்ஹெட் அதனைத் திருத்தி, மெழுகுத் தாளும் தகரத் தகடும் அடுக்கிய அமைப்பாக ஆக்கினார். அதன் பயன் சோதனையோடு நிற்கவில்லை. ஒரே வடத்தில் ஒரே வேளையில் இருபுறமிருந்தும் செய்தி அனுப்பும் இருவழித் தந்திமுறைக்கு அது இன்றியமையாததாயிற்று. அனுப்பப்படும் மின்னோட்டம் இரு கூறாகப் பிரிந்து, ஒரு கூறு உண்மை வடத்துக்கும் மறு கூறு செயற்கை வடத்துக்கும் செல்லும். இரண்டும் ஒத்தனவாயின் அனுப்புவோனின் வாங்குகருவி அசையாது; எதிர்முனையிலிருந்து வரும் செய்தி மாத்திரமே அதனை அசைக்கும். சிறிதளவு ஒவ்வாமை இருப்பினும் கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். எனவே, போலி வடம் மெய்வடத்தினாலேயே நாள்தோறும் பரீட்சிக்கப்பட்டது. வைற்ஹவுஸின் சுற்றுக்கும் கிறீனிச்சுத் தொட்டிக்கும் இல்லாதிருந்த சிறப்பு இதுவே. பிற்காலத்துச் சோதனைகளையெல்லாம் மதிப்பிடுவதற்கு இஃது அளவுகோலாகக் கொள்ளற்பாலது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வினா வேறோர் உருவம் பெற்றது. வடத்திற் சமிக்ஞை சிதைதலே முன்னர்க் கவலையாயிருந்தது. விண்வெளி யுகத்திலோ, சிதையாது வந்தும் பிந்தி வரும் செய்தி மனிதனை என்ன செய்யும் என்பது கவலையாயிற்று. சந்திரன் ஏறத்தாழ 3,84,000 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஒளியின் வேகத்திற் செல்லும் வானொலி அலை அங்கு சென்று மீள 2½ செக்கனுக்கு மேலாகும். பூமியிலிருந்தபடியே சந்திரனில் ஒரு வண்டியை ஓட்டுதல் கூடுமா என்பதை அறிய, 1960-61ஆம் ஆண்டளவில் ஸ்ரான்போட் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஜேம்ஸ் அடம்ஸ், நான்கு மிதிவண்டிச் சக்கரங்கள்மீது ஒரு தொலைக்காட்சிக் கமராவை ஏற்றி ஒரு சிறு வண்டி செய்தார். படத்துக்கும் கட்டளைக்கும் இடையே சந்திரனுக்குரிய சுணக்கத்தைப் புகுத்தினார். மணிக்கு 0.2 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அதனை நம்பிக்கையாக ஓட்ட இயலாது என்பது தெளிவாயிற்று. கலிபோர்ணியாவின் தரையில் நின்றபடியே சந்திரப் பயணத்தின் ஒரு தடையை அச்சிறு வண்டி அளந்துவிட்டது.

அக்காலத்திலேயே செய்மதி மூலம் தொலைபேசி இணைப்பு வழங்கும் எண்ணமும் எழுந்தது. நிலைச்சுற்றுப்பாதையிலுள்ள செய்மதி பூமத்தியரேகைக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதாகலின், பேசியவரின் குரல் மறுவரை அடையக் காற்செக்கனுக்கு மேலாகும். இதனை மக்கள் பொறுப்பார்களா? செய்மதியை ஏவிய பின்னர் அறிவதிலும் முன்னர் அறிதல் நன்று. பெல் ஆய்வுகூடங்களைச் சேர்ந்த றீஸ், கிளெம்மர் என்பார் தொலைபேசி இணைப்புக்களிற் செயற்கையாகச் சுணக்கத்தை ஏற்படுத்தி, தம் முடிபுகளை 1963இல் வெளியிட்டனர். எதிரொலி இல்லாதவிடத்து, போகவர 600, 1,200 மில்லிசெக்கன் அளவான சுணக்கங்களைப் பேசியோர் பெரிதும் முறையிடவில்லை. ஆனால் 2,400 மில்லிசெக்கன் சுணக்கத்தை ஒருமுறை அனுபவித்த பின்னர், முன்னர்ப் பொறுத்த சிறு சுணக்கங்களும் அவர்களுக்குத் தொல்லையாகத் தோன்றின. சுணக்கம் என்பது பௌதிக அளவு மாத்திரமன்று. பழக்கத்தோடும் எதிர்பார்ப்போடும் பிணைந்த ஒன்று என்பதையும் இப்பரிசோதனை உணர்த்தியது. வணிகத்துக்கான முதற் செய்மதியெனப்படும் 'ஏர்லி பேட்' 1965ஆம் ஆண்டு ஏப்பிரிலில் ஏவப்பட்டது.

1969இல் ஆர்ப்பாநெற்று வலையமைப்புத் தொடங்கிய பின்னர், தொலைவிலுள்ள கணினிகளும் தம்முட் பேசத் தலைப்பட்டன. இங்கே சுணக்கம் மற்றொரு வகையாற் பெருகியது. கணினிகளிடையே செய்திகள் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்கின்றன. ஒரு மென்பொருள் தொலைவிலுள்ள தரவுத்தளத்திடம் ஒரு வினாவை அனுப்பி, விடை வந்த பின்னரே அடுத்த வினாவை அனுப்புவதாகக் கொள்வோம். 100 வினாக்கள் இவ்வாறு செல்லவேண்டியிருப்பின், ஒரே அலுவலகத்துள், ஒவ்வொன்றும் 0.2 மில்லிசெக்கனில் முடிதலால், காத்திருக்கும் காலம் முழுவதும் 20 மில்லிசெக்கனே. எவரும் அதனை உணரார். போய்வர 200 மில்லிசெக்கன் ஆகும் தொலைவுக்கு அதே மென்பொருளை மாற்றினாலோ காத்திருப்பு 20 செக்கனாகும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கணினியின் வலுவும் குறையவில்லை. மாறியது தூரம் ஒன்றே. பாதையை அகலமாக்குவதும் இதற்கு மருந்தாகாது. கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றரே செல்லும். இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 5,570 கிலோமீற்றராகலின், நேரே இழை போடினும் போய்வர 56 மில்லிசெக்கனுக்குக் குறையாது. எக்கம்பெனியும் இவ்வெல்லையைப் பணங்கொடுத்துக் கடத்தல் இயலாது.

இவ்வுண்மை அறியப்பட்டதாயினும் எளிதில் மறக்கப்பட்டது. சண் மைக்குறோசிஸ்ரம்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய பீற்றர் டொய்ச் என்பார் 1994இல், பரந்த வலையமைப்புக்களுக்கு நிரல் எழுதுவோர் அறியாமலே கொள்ளும் தவறான நம்பிக்கைகளை வரிசைப்படுத்தியபோது, சுணக்கம் பூச்சியம் என எண்ணுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அருகேயிருந்து ஆக்குவோனின் பழைய பிழையே அது. வைற்ஹவுஸின் அறையும் நிரல் எழுதுவோனின் மேசையும் இவ்வகையில் ஒன்றே.

இப்பிழைக்கு எளிய மருந்தொன்றை இத்தாலியின் பீசாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி றிஸ்ஸோ 1997இல் வெளியிட்டார். 'டம்மிநெற்' என அதற்குப் பெயரிட்டார். தனிக் கருவியெதுவும் அதற்கு வேண்டியதில்லை. ஒரு கணினியின் உள்ளே, பொதிகள் மேலும் கீழும் செல்லும் வழியில் ஒரு வாயில் அமைக்கப்பட்டது. அவ்வாயிலில் ஒவ்வொரு பொதியும் வரிசையில் நிறுத்தப்படும். குழாயின் அகலத்துக்கேற்ப வெளிவிடப்படும். பின்னர்க் குறிக்கப்பட்ட காலம் வரை தடுத்து வைக்கப்படும். குறித்த விகிதத்தில் சில பொதிகள் எறியப்படும். மென்பொருள் தான் தொலைவோடு பேசுவதாகவே கருதும். பின்னர் இலினக்ஸ் இயங்குதளத்துக்கு ஸ்ரீபன் ஹெமிங்கர் ஆக்கிய 'நெற்றெம்' என்னும் உறுப்பு, 2005இல் அவர் வெளியிட்ட கட்டுரையால் நன்கு அறியப்பட்டது. அதிற் சுணக்கம் நிலையான ஓரளவாக மாத்திரமன்றி, கூடியும் குறைந்தும் வருவதாகவும் அமைக்கப்படலாம். பொதிகள் இரட்டித்தலையும் வரிசை மாறுதலையும் உண்டாக்கலாம். 1870களில் தகரத் தகடும் மெழுகுத் தாளும் செய்த பணியை இப்போது சில வரி நிரல் செய்தது.

ஆயின், பழைய எச்சரிக்கை இங்கும் பொருந்துவதாயிற்று. கணினியின் கடிகாரம் செக்கனுக்கு 100 முறை மாத்திரம் துடிக்குமாயின், 10 மில்லிசெக்கனிலும் நுண்ணிய சுணக்கத்தை அதனாற் செம்மையாகத் தரவியலாது. ஆகவே துடிப்பு வீதத்தை உயர்த்தவேண்டியிருந்தது. ஒரு திசையில் மாத்திரம் சுணக்கத்தை வைத்துவிட்டு இரு திசையிலும் வைத்ததாக எண்ணுதல் மற்றொரு பிழை. இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. சுணக்கம் பெரிதும் ஏறியிறங்குமாறு நெற்றெம்மில் அமைத்தால், பின்னர் வந்த பொதி குறைந்த சுணக்கம் பெற்று முன்னதை முந்திச்செல்லும். உண்மையான பாதையிலோ பொதிகள் பெரும்பாலும் வரிசையிலேயே நிற்பன. சோதிப்போன் கேட்டது சுணக்கம்; கிடைத்ததோ சுணக்கத்தோடு வரிசைக் குலைவும். இதனை அறியாதவன் குற்றத்தைத் தன் மென்பொருளின்மீது சுமத்துவான். கிறீனிச்சுத் தொட்டியின் அருகே நின்ற எடிசனின் நிலையும் இதுவன்றோ?

மியூர்ஹெட்டின் வழியைப் பின்பற்றி, போலியை மெய்யினால் அளக்கும் முயற்சிகளும் எழுந்தன. 1997இல் பிரயன் நோபிள், சத்தியநாராயணன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. கம்பியில்லா வலையமைப்போடு இணைந்த ஒரு கணினியை ஏந்தி நடந்து, ஒவ்வோரிடத்தும் பொதிகள் பட்ட சுணக்கத்தையும் இழப்பையும் அவர்கள் பதிவுசெய்தனர். பின்னர் அப்பதிவையே ஆய்வுகூடத்தில் மீண்டும் ஓட்டி மென்பொருள்களைச் சோதித்தனர். அவர்கள் தந்த சுணக்கம் கற்பனையில் எழுந்ததன்று. உள்ள பாதையொன்றிற் பெறப்பட்டது.

மென்பொருளோடு அதனை ஆக்குவோரையும் சோதிக்கும் முறையொன்று 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம், செவ்வாய்க்கிழமைதோறும் தன் பணியாளர் ஒரு மணிநேரம் இரண்டாந் தலைமுறைக் கைத்தொலைபேசி இணைப்பின் மந்த வேகத்தில் அச்செயலியைப் பயன்படுத்திப் பார்க்க வாய்ப்பளித்தது. விரைவான இணைப்புள்ள ஊரிலிருந்து நிரல் எழுதுவோர், மந்தமான இணைப்புள்ள நாடுகளிற் கோடிக்கணக்கானோர் படும் காத்திருப்பை அறியாதிருந்தனர் என்பதே அதன் காரணம். சுணக்கம் இயந்திரத்தைப் பற்றியதாகத் தோன்றினும், அதனைத் தாங்குபவன் மனிதனே. தலைநகருக்கு அண்மையில் வாழ்பவனுக்கு உடனே திறக்கும் படிவம், தொலைவிடத்திலுள்ள மாணவனுக்குத் திறவாமலே போகலாம். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் இறுதிநாளில் அந்த வேறுபாடு சிறியதன்று.

இவ்வரலாற்றினின்று பெறப்படும் பாடம் இதுவெனலாம். தொலைவுக்கெனச் செய்யப்படுவதை அண்மையில் மாத்திரம் சோதித்து நம்புதல் கேடு தரும். ஆதலின் தூரத்தை அறைக்குள் வரவழைத்தே தீரவேண்டும். ஆனால் அறைக்குள் வருவது தூரமன்று; தூரத்தைப் பற்றிச் சோதிப்போன் கொண்டுள்ள கருத்தே. அவன் எண்ணியது அதில் இருக்கும், எண்ணாதது இராது. அத்திலாந்திக்கை இலண்டனிற் கண்டதாக வைற்ஹவுஸ் நம்பினார். அவர் கண்டது தம் கம்பிச் சுற்றையே. செயற்கை வடம் பிழைத்து நிலைத்தமைக்குக் காரணம், அது தினமும் உண்மைக் கடலோடு ஒப்பிடப்பட்டமையே. தடுத்து வைக்கும் நிரல் எத்துணைச் செம்மையுடையதாயினும், அதனை ஆள்வோன் இடையிடையே மெய்யான தொலைவுக்குச் சென்று அளந்து மீளும் கடப்பாடு உடையவன் என்பதை, 1858இல் கடலடியில் ஓய்ந்த அவ்வடம் இன்றும் நினைவூட்டுகின்றது.